கைமாற்று ஊர்

புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. குறுவை அறுத்தவர்கள் தாரின் மேல் நெல்லைப் பரப்பி, காலால் அளைந்து கோடு கோடாகக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை திரும்பிவிடும். அதனால் எல்லோர் கண்ணும் மேகத்தின் மேலேயே இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் சம்பாவுக்கு நாற்றுப் பறி நடந்தது. ஒரு பயிர் வீடு போய்ச் சேருவதற்குள் அடுத்தது சேற்றில் இறங்கிவிடுகிறது.

நாற்றங்கால் வரப்பில் நின்ற பெரியவரிடம் என்ன ரகம் என்று கேட்டபோது, "சிஆர் ஆயிரத்தொம்பது தம்பி. விதை நம்மளது இல்ல, பக்கத்து ஊர்ல கைமாத்தா வாங்குனது. அறுப்பு முடிஞ்சதும் குடுத்துரணும்" என்றார்.

கைமாற்று. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சியும் கிடையாது. வாங்கியவருக்கு நினைவிருந்தால் போதும். கும்பகோணத்தில் வாழ்ந்து பேர் எடுத்தவர்களின் கதைகளைத் தேடிப் புறப்பட்ட பயணம் இது. அந்தப் பெரியவரின் சொல் ஊர் எல்லை வரைக்கும் கூடவே வந்து, அதன் பிறகும் விட்டுப் போகவில்லை.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் பிரிகிற சிறு சாலை உத்தமதானபுரத்துக்குப் போகிறது. பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய, 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையரின் ஊர். அவர் நினைவாக ஒரு இல்லம் இருக்கிறது. தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. சுற்றிலும் வயல், வாய்க்கால், தென்னை. பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் எந்த ஊரில் கிடைப்பார் என்று பார்த்துப் பார்த்து அந்தக் குடும்பமே ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது. கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இவ்வளவு சின்ன ஊரிலிருந்து புறப்பட்ட வண்டி கும்பகோணம் கல்லூரி வாசலில் போய் நின்றதற்கு இன்னொரு மனிதர் காரணம். அவரைக் கல்லூரியில் பார்க்கலாம்.

தாராசுரத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் மண்டபம் தேர்போல் சக்கரம் பூட்டி, குதிரைகள் இழுக்க நிற்கிறது. அதன் சுவர்ச் சிற்பங்களில் அறுபத்துமூவர் கதைகள் ஒரு முழங்கைக்குள் அடங்கும் அளவில் வரிசையாக ஓடுகின்றன. இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இப்போது ஊருக்குள்.

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் இடையில் கிடக்கிற மண்தான் கும்பகோணம். பழைய பெயர்கள் குடமூக்கு, குடந்தை. சோழர்கள் தங்கள் செல்வத்தைக் காவலில் வைத்திருந்த ஊர் என்று சங்கப் பாட்டே சொல்கிறது. பக்கத்துப் பழையாறை சோழர்களின் இன்னொரு தலைநகராக இருந்தது. ஊரின் கட்டிடங்களில் பழமையானது நாகேசுவரன் கோயில். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய அதன் மாடச் சிற்பங்களில் நிற்கிற பெண்களின் முகத்தில் எந்தத் தேவதைக் களையும் கிடையாது. கடைத்தெருவில் எதிரே வருகிற முகங்கள்தான். சாரங்கபாணி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் எந்தச் சந்தில் திரும்பினாலும் தலை காட்டுகிறது. கும்பேசுவரன் சன்னதியில் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் கடைக்குக் கடை அடுக்கியிருக்கின்றன. டபீர் தெரு, டபீர் படித்துறை என்று மராட்டிய அதிகாரி ஒருவரின் பதவிப் பெயர் இன்றும் விலாசத்தில் வாழ்கிறது. ஊர் தன் பெயர்களை லேசில் கைவிடுவதில்லை.

மகாமகக் குளத்தின் கரையைச் சுற்றி நடந்தால் பதினாறு மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் எழுப்பியவை என்று சொல்லப்படுகிறவை. சேவப்ப நாயக்கர், அச்சுதப்பர், இரகுநாதர் என்று மூன்று தலைமுறைக்கு ஆலோசனை சொன்ன மனிதர் அவர். மண்டபம் ஒன்றின் விதானத்தில் தராசுச் சிற்பம் உண்டு. எடைக்கு எடை பொன் பெற்ற துலாபாரத்தைக் காட்டுகிறது. அந்தப் பொன்னே குளத்து மண்டபங்களாயிற்று என்பது ஊரின் நம்பிக்கை. ஆறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட இந்தக் குளத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை நாடே வந்து முழுகும். 1992 மகாமகத்தில் நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 மாசியில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஊர் மூச்சுவிட்டது. அதே ஆண்டு ஜூலை 16ஆம் தேதி ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற யாரும் அந்த எண்ணை எழுதாமல் கடக்கக் கூடாது. பாலக்கரையில் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதற்கு எதிரே பேருந்துக்குக் காத்திருந்த பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டிலை ஒருவருக்கொருவர் பறித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அரசினர் கலைக் கல்லூரிக்குப் போக ஊரிலிருந்து காவிரியைக் கடக்க வேண்டும். இப்போது நடைபாலம். அதற்கு முன் ஓடம். தண்ணீர் குறைந்த மாதங்களில் மணலில் நடை. 1854இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1867இல் கல்லூரியாக வளர்ந்தது. கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸில் படித்துவிட்டு வந்த போர்ட்டர் முதல்வராக இருந்து இதை நிமிர்த்தினார். அவர் பெயரில் ஊருக்குள் போர்ட்டர் டவுன் ஹால் இருக்கிறது. அவருக்குப் பின் கோபால ராவ். 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று கல்லூரிக்குப் பெயர் வந்தது. கேம் நதியின் கரையையும் காவிரிக் கரையையும் ஒப்பிடுகிற பெருமை அதில் உண்டு. ஆனால் இந்தக் கல்லூரிக்கு உண்மையான பெருமை இங்கிலாந்தைப் போல் இருந்ததில் வரவில்லை. தமிழ்ப் பண்டிதர் ஒருவர் தன் நாற்காலியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததில் வந்தது.

தியாகராச செட்டியார் அந்தப் பண்டிதர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880இல் ஓய்வு பெறும் நேரத்தில் தன் இடத்துக்கு யாரைச் சொல்வது என்று அவர் அதிகம் யோசிக்கவில்லை. நேரே திருவாவடுதுறை மடத்துக்குப் போனார். பிள்ளையின் கடைசிக் கால மாணவராக, 25 வயதுகூட நிறையாத சாமிநாதையர் அங்கே இருந்தார். மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு அவரை விட மனமில்லை. செட்டியார் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தார். கல்லூரியில் ஆசிரியர்கள் பாட்டுகளுக்குப் பொருள் கேட்டுச் சோதித்தார்கள். அந்தப் பிப்ரவரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை ஆயிற்று. ஒரு வெள்ளாளப் புலவரிடம் படித்த செட்டியார், அதே புலவரிடம் படித்த ஐயருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். குருவிடம் பட்ட கடனை இப்படித் தீர்த்தார் செட்டியார்.

அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீப்பாக இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். படித்த நூல்களின் நீண்ட பட்டியலைச் சாமிநாதையர் சொல்லச் சொல்ல, முதலியார் எதற்கும் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. முதலியார் அதன் படி ஒன்றைத் தேடிக் கையில் கொடுத்தார். அங்கிருந்து தொடங்கிய கதை தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாமல் போவது அதற்கு அடுத்த கட்டம்.

சிந்தாமணி சமண நூல். 3,145 பாட்டு. அதன் சமயச் சொற்கள் எந்தச் சைவ மடத்திலும் விளங்காதவை. கும்பகோணத்திலேயே சமணர்கள் குடியிருப்பதாகத் தெரிந்து சாமிநாதையர் தேடிக்கொண்டு போனார். போன வீட்டு வாசலில் மாக்கோலம், நிலையில் தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், சீவகசிந்தாமணி படித்து முடித்த நாளைக் கொண்டாடுகிறார்கள். நாடெல்லாம் மறந்துவிட்டதாக அவர் நினைத்த நூலை, நாலு தெரு தள்ளி ஒரு குடும்பம் வேதமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் மணிமேகலைக்குப் பௌத்தம் தெரிய வேண்டியிருந்தபோது, கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியார் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துச் சொல்லி உதவினார்.

சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இவ்வளவும் கும்பகோணத்து ஆசிரியர் வேலைக்கு நடுவே, இரவு விளக்கில், ஏட்டுச் சுவடியைக் காகிதத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு முடித்த காரியம். இந்த ஒரு வரிசைக்காகவே காவிரிப் பாலத்தில் நின்று ஒரு நிமிடம் அந்தப் பழைய கட்டிடத்தைப் பார்க்கலாம். நின்று பார்க்கிறவர்கள் குறைவு. மாணவர்கள் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

1903இல் சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலானார். அடுத்த ஆண்டே இந்தக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தான் சாரங்கபாணி சன்னதித் தெருப் பையன் ஒருவன். சிந்தாமணி வெளிவந்த அதே 1887இல் பிறந்தவன்.

சீனிவாச ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது இங்கே. அப்பா புடவைக் கடையில் கணக்கெழுதினார். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடினார். வருமானம் போதாமல் கல்லூரிப் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அந்தப் பையன்கள்தான் ராமானுஜனுக்கு முதல் கணித நூலகம். அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் பத்துப் பதினொரு வயதுக்குள் கேட்டுத் தீர்த்துவிட்டான். லோனியின் திரிகோணமிதி அவர்கள் வழியாக வந்தது. டவுன் ஹைஸ்கூலில் வகுப்புகளுக்கு ஆசிரியர்களைப் பிரித்துப்போடுகிற கால அட்டவணை வேலையைக் கணக்கு வாத்தியார் இந்தப் பையனிடம் ஒப்படைத்தார். 1903இல் கல்லூரி நூலகத்திலிருந்து இரவலாக வந்தது கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு. ஏறத்தாழ ஐயாயிரம் சூத்திரங்கள், நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. தேர்வுக்குப் படிக்கிற மாணவர்களுக்காகப் பயிற்சி ஆசிரியர் ஒருவர் தொகுத்த சாதாரண நூல். கேம்பிரிட்ஜில் அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. விடை மட்டும் இருந்து வழி இல்லாததால், வழியைப் பையன் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நூலைக் கொடுத்த கல்லூரி, இங்கிலீஷில் தேறாததற்காக உதவித்தொகையை எடுத்துக்கொண்டது. விதிப்படி சரி. 1905இல் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினான். இங்கே கல்லூரியின் மேல் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊருக்குள் ஒருவருக்கொருவர் விதி பார்க்காமல் கொடுத்த காலத்தில் சாமிநாதையர் கிடைத்தார். விதியைப் பார்த்த ஒரு முறை ராமானுஜன் கைநழுவினார். பிறகு அவர் திரும்ப எழுந்ததும் கைமாற்றில்தான். இங்கே அவருக்குப் பாடம் எடுத்த சேஷு ஐயர் பின்னால் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய இராமசாமி ஐயர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மற்றவர்களிடம் அனுப்பினார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

அவர் வளர்ந்த சன்னதித் தெரு வீடு இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் நினைவில்லமாக இருக்கிறது. ஒடுங்கிய முகப்பு, திண்ணை, தெருவைப் பார்த்த சன்னல். அந்தச் சன்னலோரத்தில் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதியவர். காகிதம் வாங்கக் காசில்லை. 1919இல் நோயாளியாகத் திரும்பி வந்து, ஊரில் சில மாதங்கள் இருந்து, சென்னைக்குப் போய் 1920 ஏப்ரலில் 32 வயதில் இறந்தார். பக்கத்தில் அதே காலத்து வீடு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடு தனியாக, செங்கல் தனியாக, உத்திரமும் தூணும் லாரியில்.

இந்த வீதிகளைச் சொற்களால் அளந்தவர்கள் இன்னொரு கூட்டம். ந.பிச்சமூர்த்தியும் கு.ப.ராஜகோபாலனும் இரண்டே ஆண்டு இடைவெளியில் இதே ஊரில் பிறந்தவர்கள். 'கும்பகோணம் இரட்டையர்' என்றே பெயர். கு.ப.ரா.வுக்கு முப்பதைத் தாண்டியதும் கண்ணில் புரை விழுந்து அரசாங்க வேலை போயிற்று. பார்வையில்லாத நாட்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். எழுதிக்கொடுத்த அந்தக் கை பிறகு தன் கதைகளை எழுதத் தொடங்கியது. கு.ப.ரா.வுக்குக் 'கரிச்சான்' என்று ஒரு புனைபெயர். அவர் மேல் இருந்த பிரியத்தில் நாராயணசாமி என்ற இளைஞர் 'கரிச்சான் குஞ்சு' என்று பெயர் வைத்துக்கொண்டு 'பசித்த மானிடம்' எழுதினார். பட்டு வியாபாரத்தில் இருந்த சௌராஷ்டிரக் குடும்பத்து எம்.வி.வெங்கட்ராம் 1948இல் 'தேனீ' என்று பத்திரிகை நடத்தி, நண்பர்களின் எழுத்தைப் போட்டு, கைப்பணத்தை இழந்தார். தி.ஜானகிராமனுக்கு இந்தக் கல்லூரியும் படித்துறையும் சந்துகளும் 'மோகமுள்'ளாக ஆயின. அதன் நாயகன் பாபு நடந்த தெரு எது என்று கேட்டுக்கொண்டு வாசகர்கள் இன்றும் வருவதாகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். எந்தத் தெருவைக் காட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, "காவேரிக்குப் போற தெருவுல எதக் காட்டுனாலும் சந்தோஷமாப் போறாங்க சார்" என்றார்.

கும்பகோணத்துக்கு வெற்றிலையும் டிகிரி காபியும் போல யானைக்கால் நோயும் ஒருகாலத்தில் அடையாளம். தேங்கிய சாக்கடை, கொசு. 1930களில் அறுவை மருத்துவர் சாம்பசிவன் பள்ளிப் பிள்ளைகளையும் ஊர்க்காரர்களையும் திரட்டிக் கொசு முட்டையிடும் குட்டைகளைத் தேடித் தேடி அழித்தார். கூடப் போன சிறுவன் அவர் மகன் சுவாமிநாதன். 11 வயதில் தகப்பனை இழந்த அந்தச் சிறுவன் மருத்துவம்தான் படித்திருக்க வேண்டும். 1943 வங்கப் பஞ்சம் அவரை வேளாண்மைக்குத் திருப்பியது. எம்.எஸ்.சுவாமிநாதன் என்ற பெயர் பிறகு நாட்டின் உணவுக் கையிருப்போடு சேர்ந்துவிட்டது.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, திருவிடைமருதூரைத் தாண்டினால் ஆடுதுறை. 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் சாலையோரத்திலேயே இருக்கிறது. ஜப்பானிய ரகத்தையும் ஜிஇபி 24ஐயும் கலந்து உண்டாக்கிய ஏடிடி 27 இங்கிருந்து 1965இல் வெளிவந்தது. நாலு மாதத்துக்குள் அறுக்கலாம், உரத்துக்குக் கேட்கும். தஞ்சாவூர் மாவட்டத்தின் குறுவையையே அது மாற்றிப் போட்டது. மகசூல் ஏறியது. மிராசுதாரின் பத்தாயம் நிறைந்தது.

நட்டவர்களின் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. இந்த ஊர்களின் கைமாற்று அக்ரகாரத்துக்கும் மடத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையேதான் நடந்தது. சேரிக்குள் அது வரவில்லை. அங்கே போனது சவுக்கும் சாணிப்பாலும். கன்னடம் பேசும் நாட்டிலிருந்து வந்து இங்கேயே வாழ்ந்து 1961இல் மறைந்த பி.சீனிவாசராவ் பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்த பிறகே 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்ததற்காகக் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். ஏடிடி 27 வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. டெல்டாவின் அறிஞர்களைக் கொண்டாடுகிற கட்டுரையில் இதற்கு இடமில்லை என்றால், அந்தக் கொண்டாட்டத்தில் பாதிக் கணக்குத்தான் இருக்கிறது.

புதிய ரகங்கள் வந்த வேகத்தில் மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான், கருப்புக் கவுனி எல்லாம் வயலை விட்டுப் போயின. அவற்றைத் திருப்பியவரும் கைமாற்றுக்காரர்தான். இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் தூண்டுதலில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் விதைத் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ பழைய ரக விதை, இலவசம். அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது வேறொருவருக்குப் போகும். 2018இல் அவர் இறந்தபோது 174 ரகங்கள் மீண்டிருந்தன.

ஆடுதுறைக்கு அடுத்தது நரசிங்கம்பேட்டை. அதை ஒட்டித் திருவாவடுதுறை. சாமிநாதையரைத் தியாகராச செட்டியார் கல்லூரிக்கு அழைத்துப் போனது அங்கே இருக்கும் மடத்திலிருந்துதான். நாகஸ்வர வித்துவான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் ஊரும் அதுவே. அவர் காலத்துக்கு முன் புழங்கியது குட்டையான திமிரி நாகஸ்வரம்; சுருதி உச்சத்தில் நிற்கும். அவருக்கு வேண்டியிருந்தது கீழ்ச்சுருதி, சுத்த மத்தியமம் சரியாகப் பேசுகிற துளை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அளந்து, கடைந்து, ஊதச் சொல்லிக் கேட்டு, மறுபடி கடைந்து நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கொடுத்தார். இன்று கச்சேரிகளில் கேட்பது பெரும்பாலும் அந்தக் குரல்தான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டறையில் ஒரு தகப்பனும் மகனும் வேலையில் இருந்தார்கள். சீவாளிக்கான நாணல் காவிரிக் கரையிலிருந்து வருகிறது என்றார்கள். குழலுக்கு ஆச்சா மரம். பச்சை மரம் உதவாது. எழுபது, எண்பது வருஷம் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும், சுருதி நிற்காது. அவ்வளவு காய்ந்த மரத்துக்கு எங்கே போவது என்று கேட்டதற்குப் பெரியவர் மூலையைக் காட்டினார். சதுரமாக அறுத்த கட்டைகள் அடுக்கியிருந்தன. சிலவற்றில் பழைய ஆணித் துளை, ஒன்றில் சுண்ணாம்புத் திட்டு. "வீட்டு உத்திரந்தாங்க. கும்பகோணத்துல, மாயவரத்துல பழைய வீடு பிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சா சொல்லி அனுப்புவாங்க. போய்ப் பாத்து எடுத்துக்கிட்டு வந்துருவோம்."

மகன் ஒரு கட்டையைக் கடைசல் பட்டறையில் பொருத்தி, நீண்ட கம்பியை நடுவில் வைத்து அழுத்தினான். மரம் உள்ளே கருஞ்சிவப்பாக இருந்தது. தூள் காலடியில் விழுந்துகொண்டே இருந்தது.